பீலி வழிகிறதா? அடைப்பு அதற்குக் கீழே இருக்கிறது

யாழ்ப்பாணத்துப் பீலிகளுக்கு, அதாவது கூரை விளிம்பில் மழைநீரை ஏந்தும் வாய்க்கால்களுக்கு, வரும் கேடு மாரியில் தொடங்குவதில்லை, சோளகக் காற்றில் தொடங்குகிறது. வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை வீசும் அந்தக் காற்று வேப்பஞ்சருகையும் முருங்கையின் சிற்றிலையையும் ஒழுங்கைப் புழுதியையும் அள்ளிக் கூரையில் கொட்டுகிறது. கழுவிவிட மழை இல்லை. பிறகு ஐப்பசியில் முதல் பெருமழை வந்து, மாதக்கணக்கில் சேர்ந்த அத்தனையையும் ஒரே மூச்சில் பீலிக்குள் தள்ளி, கீழே இறங்கும் குழாயின் வாயில் கொண்டுபோய்ச் செருகிவிடுகிறது. ஆண்டு மழையில் பெரும் பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கும் ஊர் இது. அடைப்பு கண்ணில் படும் நாளும், ஏணி வைத்து ஏறக்கூடாத நாளும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

அதனால் அந்த நாளில் ஏற வேண்டாம். குடையைப் பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்து, தண்ணீர் எங்கே தப்புகிறது என்று மட்டும் பாருங்கள். கூரையின் பரப்பு 100 சதுர மீற்றர் என்றால், 50 மில்லிமீற்றர் மழைக்கு அதிலிருந்து இறங்குவது 5,000 லீற்றர். அவ்வளவு தண்ணீர் தன் வழியை ஒளித்துவைக்காது. பார்க்கும்போது ஒரு விதியை மனதில் வைத்திருந்தால் போதும்: தண்ணீர் வெளியே பாயும் இடத்தில் அடைப்பு இல்லை, அதற்குக் கீழே எங்கோ இருக்கிறது. பெரும்பாலும் தாழ்வாரத்திலிருந்து சுவரை நோக்கிக் குழாய் வளையும் இடத்தில், அந்த இரண்டு எல்போக்களில் ஒன்றில்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நம் ஊரில் அடைப்பு என்றதும் நீண்ட தடி ஒன்றை எடுத்து மேலிருந்து இடிப்பதுதான் வழக்கம். ஏணியைப் பிடித்திருப்பவர் கீழிருந்து "இன்னும் இடி தம்பி" என்று உற்சாகப்படுத்துவார். இலைக் குவியல் மேலிருந்து வந்த தண்ணீரின் பாரத்தால்தான் அங்கே இறுகியது. அதே திசையில் இடித்தால் இன்னும் இறுகி எல்போவின் வளைவுக்குள் ஆப்பு மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கீழிருந்து மேலே தள்ளினால் இளகும். வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும்.

ஏறுவதற்கு முன்

மழை விட்டு, முற்றம் காய்ந்த பிறகு ஏறுங்கள். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் மின்கம்பி பல வீடுகளில் தாழ்வாரத்தை ஒட்டியே வந்து சேர்கிறது. பீலி தகரமாகவோ ஏணி அலுமினியமாகவோ இருந்தால் அந்த மூலைக்கு நீங்கள் போகவே வேண்டாம், தெரிந்தவரை அழையுங்கள். அஸ்பெஸ்டஸ் கூரையில் கால் வைக்கக்கூடாது, பழைய சீற் ஆளைத் தாங்காது. அந்தக் கூரையின் பீலியில் இருப்பதை உலர்ந்தபடி சுரண்டவும் கூடாது, நனைத்த பிறகே அள்ள வேண்டும். ஏணியின் உயரம் நான்கு பங்கு என்றால் அடிக்கால் சுவரிலிருந்து ஒரு பங்கு தள்ளி நிற்கட்டும். பாரத்தைச் சுவரில் கொடுங்கள், பீலியின் விளிம்பில் ஏணியைச் சாய்க்காதீர்கள்.

கையுறை கட்டாயம். பீலியும் தாழ்வாரமும் எலிக்கு நடைபாதை. 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைப் பறித்ததை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். எலியின் சிறுநீர் கலந்த ஈரச் சேற்றில் வெறுங்கையை விடுவது, அதுவும் கையில் கீறல் இருக்கும்போது, தேவையில்லாத துணிச்சல். பூரானும் குளவிக்கூடும் இருக்கலாம் என்பதால் கையை விடுவதற்கு முன் ஒரு குச்சியால் கிளறிப் பாருங்கள்.

அறிகுறி: பீலி நிரம்பி வழிகிறது, கீழே குழாய் சொட்டுகிறது

பெரும்பாலான வீடுகளின் கதை இதுதான், ஆகவே இதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதலில் பீலியின் வாய், அதாவது குழாய் தொடங்கும் துளை. அதைச் சுற்றிக் கிடக்கும் சருகைக் கையால் அள்ளி வாளியில் போடுங்கள். துளைக்குள் தள்ளிவிடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நின்ற தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கினால் வேலை முடிந்தது. இறங்காமல் அப்படியே நின்றால் அடைப்பு குழாய்க்குள் இருக்கிறது.

எங்கே என்று அறியக் கருவி எதுவும் வேண்டாம். விரலை மடக்கிக் குழாயைக் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போங்கள். வெறுங்குழாய் கணீரென்று ஒலிக்கும். தண்ணீர் நிரம்பிய பகுதி மொத்தென்று அடங்கிய ஓசை தரும். ஓசை மாறும் இடம்தான் அடைப்பின் அடி. வெயில் ஏறியிருந்தால் கையால் தொட்டும் அறியலாம்: தண்ணீர் நிற்கும் பகுதி குளிர்ந்திருக்கும், வெறும் பகுதி சுடும். சுண்ணாம்புக் கட்டியால் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டுவையுங்கள்.

3 அங்குலக் குழாய் 10 அடி உயரத்துக்கு நிரம்பியிருந்தால் உள்ளே 14 லீற்றருக்குக் கிட்டத் தண்ணீர் நிற்கிறது. அழுகிய இலைச் சாறு, மணம் சொல்ல வேண்டியதில்லை. அடைப்பு விடும்போது அது முழுதும் ஒரே நேரத்தில் வரும். குழாய் வாய்க்கு நேரே குந்தியிருந்து வேலை செய்யாதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள்.

இனித் தள்ளும் வேலை. இதற்கு நான் கண்ட சிறந்த சாமான் அரை அங்குல அல்கதீன் குழாய், அதாவது வளையக்கூடிய பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். தோட்டத்துக்கு இறைத்த துண்டு ஒன்று எந்த வளவிலும் கிடக்கும். சுருளாகக் கிடந்து கிடந்து அதற்கு ஓர் இயல்பான வளைவு வந்திருக்கும். சரிந்த எல்போவில் அந்த வளைவு தானே திரும்பிக்கொள்ளும், நேர்க்கம்பி திரும்பாது. ஒரு முனையைக் குழாயின் கீழ்வாயால் மேலே விடுங்கள், மறுமுனையைத் தண்ணீர்த் தாங்கியுடன் இணையுங்கள். தண்ணீரை மெல்லத் திறந்து, முனையை இடமும் வலமும் திருகித் திருகி ஏற்றுங்கள். இளகிய இலை கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரோடு கீழே விழும். அவசரப்பட்டுக் குத்த வேண்டாம்.

கிணற்று மோட்டாரை நேரே இணைத்து முழு வேகத்தில் அடிக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மழைநீர்க் குழாய்களின் இணைப்புகள் அழுத்தத்துக்குச் செய்யப்பட்டவை அல்ல. பல வீடுகளில் பசையே போடாமல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருப்பார்கள். அடைப்பு அசையும் முன் இணைப்புக் கழன்றுவிடும், அதுவும் ஏணியின் உச்சியில் நிற்பவரின் முகத்துக்கு நேரே.

எல்போ சதுரமாகத் திரும்பினால் அல்கதீன் அங்கே முட்டி நின்றுவிடும். அப்போது எல்போவைக் கழற்றத்தான் வேண்டும். பசை போடாத இணைப்பு திருகி இழுத்தால் வரும், ஆனால் முதலில் குழாயைச் சுவரோடு பிடித்திருக்கும் கிளிப்பைத் தளர்த்துங்கள். பசை போட்டு இறுக்கியிருந்தால் மனதைத் திடப்படுத்திக்கொண்டு இரண்டு எல்போக்களுக்கும் நடுவில் வாளால் அறுத்துவிடுங்கள். சுத்தம் செய்த பிறகு ஹாட்வெயார் கடையில் ஒரு சொக்கெட் (இரு குழாய்களை இணைக்கும் துண்டு) வாங்கி அந்த இடத்தில் செருகி, பசைக்குப் பதிலாக ஒரு சிறு திருகாணி போட்டு நிறுத்துங்கள். அடுத்த ஆண்டு அதே இடம் திரும்பவும் அடைக்கும், அப்போது ஒரு திருகாணியைக் கழற்றினால் போதும். வீடு கட்டும்போதே மேசனிடம் இதைச் சொல்லிவைத்தவர்கள் புத்திசாலிகள்.

வெயிலில் பல ஆண்டு நின்ற பிவிசி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடுகிறது. அதைச் சுத்தியலால் தட்டி அடைப்பை உதறப் பார்ப்பது, அடைப்பை எடுத்துவிட்டுக் குழாயை இழப்பதில் முடியும். பழைய தகரப் பீலிக்கும் அதே கவனம் வேண்டும். உப்புக்காற்றில் அரித்த தகரத்தில் கம்பி சுலபமாகத் துளைத்து மறுபக்கம் வந்துவிடும்.

பெரிய அடைப்பு விட்ட பின்னும் உட்சுவரில் சேறு ஒட்டியிருக்கும். நைலோன் கயிற்றின் நுனியில் ஒரு சிறு கல்லைக் கட்டி மேலிருந்து இறக்கி, கீழே வந்ததும் நடுக்கயிற்றில் தேங்காய்த் தும்பை உருண்டையாகக் கட்டி இழுத்து எடுங்கள். உருண்டை தளர்வாகவே போகட்டும். இறுக்கமாகக் கட்டினால் அதுவே அடுத்த அடைப்பு.

கழிவறைக்குப் போடும் அமிலமோ காரமோ ஊற்ற வேண்டாம். ஒரு குழாய் இலையைக் கரைக்க எத்தனை போத்தல் வேண்டும் என்று யோசித்தாலே அபத்தம் புரியும். ஊற்றியது கடைசியில் போய்ச் சேருவது வளவு மண்ணுக்குள். அதற்குக் கீழே இருப்பது வெடிப்பும் துளையுமான சுண்ணாம்புக்கல், அதற்குள் உங்கள் கிணறு.

அறிகுறி: பீலியும் வழிகிறது, குழாயும் கொட்டுகிறது

இது அடைப்பு அல்ல, போதாமை. குழாய் தன்னால் முடிந்ததைக் கொண்டுபோகிறது, மழை அதற்கு மேல் பெய்கிறது. 2008 கார்த்திகையில் நிஷா புயல் பெய்த மழைக்கோ 2024 கார்த்திகையில் ஃபெங்கல் நேரத்து மழைக்கோ பீலி வழிந்தது என்றால் அதற்காக வருந்தத் தேவையில்லை. சாதாரண மாரி மழைக்கே வழிந்தால் குழாயின் அளவைப் பாருங்கள். 2 அங்குலத்துக்குப் பதிலாக 3 அங்குலம் போட்டால் உள்வழி ஒன்றரை மடங்கு ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆவது இரண்டேகால் மடங்கு. அல்லது நீண்ட பீலியின் மறுமுனையில் இன்னொரு குழாய் இறக்குங்கள்.

ஓர் எச்சரிக்கை: பாதி அடைத்த குழாயும் பார்வைக்குக் கொட்டுவது போலவே இருக்கும். வீட்டின் இன்னொரு குழாயோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே காசைச் செலவழியுங்கள்.

அறிகுறி: நடுவில் ஓரிடத்தில் மட்டும் வழிகிறது

குழாய்க்கு அருகில் பீலி பாதி வெறுமையாக இருக்க, தள்ளி ஓரிடத்தில் அருவி கொட்டினால், குழாயைத் தொடவே வேண்டாம். பீலிக்குள் குறுக்கே ஒரு அணை எழும்பியிருக்கிறது. காகம் சேர்த்த சுள்ளி, அணில் பிய்த்த தும்பு, தென்னம்பூவும் குரும்பட்டியும், காற்றில் விழுந்த பன்னாடை ஆகியவற்றில் ஏதோ ஒன்று. எடுத்துவிட்டு ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். குப்பை எதுவும் இல்லாமலே வழிந்தால் பீலி அந்த இடத்தில் தொய்ந்திருக்கிறது. இரு முனைகளுக்கும் நூல் பிடித்தால் தெரிந்துவிடும். குழாயை நோக்கி 10 அடிக்குக் கால் அங்குலம் சரிவு போதும், தொய்ந்த இடத்துக் கிளிப்பை உயர்த்துங்கள்.

அறிகுறி: இணைப்பில் பீறிட்டுச் சுவரை நனைக்கிறது

பார்த்தவுடன் சிலிக்கன் வாங்க ஓடுவதுதான் எல்லோருடைய முதல் எண்ணம். ஓடாதீர்கள். நல்ல நாளில் அந்த இணைப்பின் உட்புறமாகத் தண்ணீர் ஒழுகிப்போகும், வெளியே தள்ள எதுவும் இல்லை. இன்று பீறிடுகிறது என்றால் கீழே அடைத்துத் தண்ணீர் அந்த மட்டத்துக்கு ஏறி நிற்கிறது. அடைப்பைக் காட்டித் தருவதே அந்தக் கசிவுதான். அதைப் பூசி மூடினால் தண்ணீர் இன்னும் மேலேறி அடுத்த இணைப்பில் தப்பும், அல்லது பீலியின் பின்விளிம்பால் தாண்டிச் சுவர்த்தலைக்குள் இறங்கும். உள்ளே அறையின் மூலையில் ஈரக்கறை வந்த பிறகுதான் அது தெரியும். கீழே உள்ளதை எடுங்கள். அதற்குப் பிறகும் ஒழுகினால் அப்போது பூசலாம்.

அறிகுறி: குழாய் நிலத்துக்குள் போகும் இடத்தில் தண்ணீர் பொங்குகிறது

இங்கே அவசரப்பட்டு மண்ணைத் தோண்ட வேண்டாம். முதலில் கிணற்றை எட்டிப் பாருங்கள்.

கார்த்திகை, மார்கழியில் கிணற்று மட்டம் தரைக்கு அருகில் வந்துவிட்டது என்றால், குழாய் போய்ச் சேரும் ஊறல் குழியும் ஏற்கெனவே அதே மட்டத்துக்கு நிரம்பியிருக்கிறது. தண்ணீருக்குப் போக இடமில்லை. எந்தக் குழாயை எப்படிக் குத்தினாலும் அது பொங்கத்தான் செய்யும். குழாயைத் தரைக்கு மேல் ஒரு அடியில் துண்டித்து, ஒரு எல்போ வைத்து, வீட்டு அத்திவாரத்தை விட்டு விலகி வளவுக்குள் பாயவிடுங்கள். தென்னை நிற்கும் பக்கம் உத்தமம். அடுத்த வளவுப் பக்கமோ ஒழுங்கைப் பக்கமோ திருப்பிவிட வேண்டாம். தாழ்வாரத் தண்ணீரால் பேச்சு முறிந்த அயலவர்களை எல்லா ஊரிலும் காணலாம்.

கிணறு இன்னும் ஆழத்தில் இருந்தும் பொங்கினால், நிலத்தடிக் குழாயில் மணலோ வேரோ புகுந்திருக்கிறது. அப்போதும் வெளிவாய் இருக்கும் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். வேர் என்றால் குழாய் வெடித்திருக்கிறது என்று பொருள், சுத்தம் செய்து பயனில்லை, மாற்ற வேண்டும்.

மழை பெய்யும்போது கழிவறையில் தண்ணீர் இறங்காமல் குமுறுகிறதா? யாரோ மழைநீர்க் குழாயைக் கழிவறைக் குழியோடு சேர்த்துவிட்டிருக்கிறார்கள். இன்றைக்கே பிரித்துவிடுங்கள். குழி நிரம்பி வெளியேறுவது குடிக்கும் கிணற்றுப் பக்கமாகத்தான்.

அறிகுறி: மழை பெய்தும் தாங்கிக்குள் தண்ணீர் சேரவில்லை

கூரைத் தண்ணீரைச் சேமிப்பவர்கள் தாங்கி வாயில் நுளம்பு வலை கட்டியிருப்பார்கள், கட்டவும் வேண்டும். ஆனால் அந்த நுண்வலையில் முருங்கையிலை ஒரு மழைக்குள் பாய் விரித்துவிடும். வலையைக் கழுவிவிட்டு, அதற்கு மேலே பெரிய கண் உள்ள கூடை ஒன்றை வையுங்கள். இலையைக் கூடை பிடிக்கட்டும், நுளம்பை வலை பிடிக்கட்டும். கோடைக்குப் பின் வரும் முதல் மழைத் தண்ணீரைத் தாங்கிக்குள் விடாமல் வெளியே ஓடவிட்டால் சேற்றின் பெரும்பகுதி அதோடு போய்விடும்.

அறிகுறி: மழை விட்டு நாட்களாகியும் பீலி சொட்டுகிறது

சொட்டைவிட நிற்கும் தண்ணீரே தொல்லை. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள் போதும். மாரி முடியும் மார்கழி, தையில்தான் யாழ்ப்பாணத்தில் டெங்கும் ஏறுகிறது. முற்றத்துச் சிரட்டையைக் கவிழ்க்கிறோம், தலைக்கு மேல் நீளத்துக்கு ஓடும் பீலியைப் பார்ப்பதில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பார்ப்பார். நுளம்பு பெருகும் இடம் வைத்திருப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். தீர்வு மேலே சொன்ன சரிவுதான். கிளிப்பை உயர்த்த முடியாத இடமென்றால் தொய்ந்த புள்ளியில் பீலியின் அடியில் பென்சில் பருமனில் ஒரு துளை போடுங்கள். அழகில்லை, ஆனால் காய்ந்துவிடும்.

பீலிக்குள் ஆலங்கன்றோ அரசங்கன்றோ எட்டிப் பார்த்தால் வேரோடு பிடுங்குங்கள். வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

அறிகுறி: தண்ணீர் வீட்டுக்குள்ளேயே நிற்கிறது

இரண்டு வகை வீடுகளில் இது நடக்கிறது. ஒன்று பழைய நாற்சார் வீடு. நான்கு பக்கக் கூரையும் நடுமுற்றத்தை நோக்கிச் சரிய, அவை சந்திக்கும் உள்மூலைகளில் தகரப் பள்ளப் பீலி ஓடும். முற்றத்துத் தண்ணீர் வீட்டின் நிலத்துக்குக் கீழாக ஒரு வாய்க்காலில் வெளியே போகும். அந்த வாய்க்கால் அடைத்தால் தண்ணீர் உள்விறாந்தைக்கு ஏறும். வெளிவாய் எங்கே என்பது வீட்டில் மூத்தவர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும், பல வீடுகளில் அவர்களும் வெளிநாட்டில். மதிற்சுவரின் அடியோரம் தேடுங்கள், பெரும்பாலும் மண் மூடியிருக்கும். வெளியிலிருந்து உள்ளே தள்ளுங்கள், உள்ளிருந்து வெளியே அல்ல. மூலைப் பள்ளத்தில் உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று விழுந்து கிடந்தாலே தண்ணீர் ஓட்டுக்கு அடியால் புகுந்துவிடும், அதையும் பாருங்கள்.

மற்றது புதிய கொங்கிறீட் தட்டு வீடு. வெளியே குழாய் தெரிவது அழகில்லை என்று தூணுக்குள் புதைத்துவிடுகிறார்கள். தட்டில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சதுர மீற்றருக்கு 100 கிலோ பாரம். 20 சதுர மீற்றர் போர்ட்டிகோவுக்கு 2,000 கிலோ. அடைப்பு தூணுக்குள் இருந்தால் அல்கதீன் தவிர வேறு எதையும் விடாதீர்கள். உள்ளே குழாய் வெடித்தால் தூணை உடைக்காமல் திருத்த வழியில்லை. கைப்பிடிச் சுவரில், தட்டிலிருந்து 2 அங்குல உயரத்தில் ஒரு துளையிட்டுச் சிறு குழாய்த்துண்டை வெளியே நீட்டிவையுங்கள். கீழ்க்குழாய் அடைத்த அன்று தண்ணீர் அதனால் கொட்டும்.

எப்போது செய்வது, என்ன பொருத்துவது

நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு ஒருமுறை, முதல் பெருமழைக்கு அடுத்த காய்ந்த நாளில் இன்னொருமுறை. இரண்டாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். கூரையிலிருந்து சேறு இறங்குவதே முதல் மழையில்தான், அதற்கு முன் எவ்வளவு சுத்தம் செய்திருந்தாலும்.

பீலி வாய்க்குத் தட்டையான வலை போடாதீர்கள், ஒரு மாவிலை போதும் அதை மூடிவிட. மேல்நோக்கிக் குவிந்த பந்து வலை நல்லது: அடியில் இலை சேர்ந்தாலும் மேற்பகுதியால் தண்ணீர் இறங்கும். மாவுக்கும் பலாவுக்கும் அது நன்றாக உதவும். வேம்பும் முருங்கையும் கூரைக்கு மேல் கவிந்திருந்தால் எந்த வலையும் முழுப் பயன் தராது, கொப்பை வெட்டுவதே மலிவு. மரம் பக்கத்து வளவுக்காரருடையது என்றால் ஒரு நல்ல நாளில், மழை தொடங்குவதற்கு முன், போய்க் கதைத்துவிட்டு வெட்டுங்கள்.

அள்ளிய சேற்றை ஓட்டு வீட்டுக்காரர் வாழை அடியில் போடலாம். அஸ்பெஸ்டஸ் கூரையிலிருந்து வந்ததை ஈரமாகவே பையில் கட்டிவிடுங்கள், தோட்டத்தில் பரப்ப வேண்டாம்.